வீட்டுக் கணக்கு: வேகத்துக்கும் ஒரு விலை உண்டு



"கரண்ட் கார் வாங்கினால் பெற்றோல் செலவே இல்லை" என்ற பேச்சு இப்போது பல வீடுகளில் கேட்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை கொஞ்சம் காசு அனுப்பச் சம்மதிக்கிறார். ஊரில் இருக்கும் தம்பி ஹயருக்கு ஓடலாம் என்கிறார். மிச்சத்துக்கு லீசிங் எடுக்கலாம் என்று மூன்றாமவர் சொல்கிறார். ஆனால் பத்திரத்தில் கையெழுத்து வைக்க வேண்டியவர் பெரும்பாலும் வீட்டை நடத்தும் பெண்தான். காணி உறுதியும் அவர் பெயரில், பிணையும் அவர் பெயரில். மாதம் தவறாமல் தவணை கேட்டு வருபவர்களும் அவருடைய படலையில்தான் வந்து நிற்பார்கள்.

ஆகவே இந்த மாதம் மின்சாரக் காருக்குக் கரண்ட் ஏற்றும் செலவையும், அதற்கு எடுக்கும் நேரத்தையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது கடினமான கணக்கல்ல. மின்சார பில்லைப் பார்த்து விளங்கிக்கொள்பவர் எவருக்கும் இதுவும் விளங்கும்.

அளவு வேறு, வேகம் வேறு

மின் பில்லில் "அலகு" அல்லது "யூனிற்" என்று போட்டிருப்பது கரண்டின் அளவு. அதன் முழுப் பெயர் கிலோவாற் மணி. காரின் பற்றரி எவ்வளவு கொள்ளும் என்பதையும் இதே அலகில்தான் சொல்வார்கள். 24 அலகு கொள்ளும் பற்றரி, 40 அலகு கொள்ளும் பற்றரி, 60 அலகு கொள்ளும் பற்றரி என்று பலவகை உண்டு.

கிலோவாற் என்பது வேகம். குழாயில் தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது என்பது போல. வீட்டுச் சுவரில் உள்ள சாதாரண மூன்று முள் பிளக்கில் காரைக் கொழுவினால், ஏறத்தாழ 2.3 கிலோவாற் வேகத்தில் கரண்ட் ஏறும். அதாவது ஒரு மணித்தியாலத்துக்கு இரண்டு அலகுக்குச் சற்றுக் கூட. தனிப்பெட்டி பூட்டிய வீட்டில் 7 கிலோவாற் வரை ஏற்றலாம், கார் அதை ஏற்குமானால். வீதியோரத்தில் இருக்கும் வேக மின்னேற்றும் நிலையங்களில் 50 கிலோவாற் என்பது பழகிப்போன அளவு. 150 கிலோவாற் இயந்திரங்களும் பல நாடுகளில் உண்டு.

ஒரு சிறிய மின்சாரக் கார் ஓர் அலகில் ஏறத்தாழ 6 கிலோமீற்றர் ஓடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் மூன்று முள் பிளக்கில் ஒரு மணித்தியாலம் ஏற்றினால் 14 கிலோமீற்றர் ஓடலாம். இரவு 9 மணித்தியாலம் ஏற்றினால் 120 கிலோமீற்றருக்கு மேல். 50 கிலோவாற் நிலையத்திலோ, அரை மணித்தியாலத்தில் அதே தூரத்துக்கான கரண்ட் ஏறிவிடும்.

வேகம் ஏன் விலை கூடியது?

இரண்டு இடத்திலும் கிடைப்பது ஒரே கரண்ட்தானே, பிறகு ஏன் வேக நிலையத்தில் அலகு விலை கூட என்று கேட்கத் தோன்றும். காரணம் உண்டு.

50 கிலோவாற் என்பது பல வீடுகள் ஒரே நேரத்தில் எடுக்கும் கரண்ட். அதைக் கொடுக்கத் தடித்த கம்பி வேண்டும், பெரிய ட்ரான்ஸ்போமர் வேண்டும். வீட்டுக்கு வரும் கரண்டை பற்றரி அப்படியே ஏற்காது. வீட்டில் ஏற்றும்போது அதை மாற்றிக் கொடுக்கும் சிறிய கருவி காருக்குள்ளேயே இருக்கிறது. வேக நிலையத்தில் அந்த வேலையைச் செய்வது வெளியே நிற்கும் பெரிய இயந்திரம். அது இறக்குமதிப் பொருள், விலை கூடியது.

இன்னொன்றும் உண்டு. பெரிய அளவில் கரண்ட் எடுப்பவரிடம், எத்தனை அலகு எடுத்தார் என்பதற்கு மட்டுமல்லாமல், மாதத்தில் ஒரு தடவையாவது எவ்வளவு வேகத்தில் இழுத்தார் என்பதற்கும் சேர்த்துத்தான் மின்சாரக்காரர் காசு கேட்பார்கள். நாளைக்கு 20 கார் வரும் நிலையத்தில் இந்தச் செலவெல்லாம் 20 பேரிடம் பிரிந்து போகும். இரண்டு கார் மட்டும் வரும் இடத்தில் அந்த இரண்டு பேரின் தலையில்தான் விழும். வாகனம் குறைந்த பகுதிகளில் நிலையங்கள் குறைவாக இருப்பதற்கும், இருப்பதில் விலை கூடியிருப்பதற்கும் இதுவே காரணம்.

80 வீதத்துக்குப் பிறகு

விளம்பரங்களில் "30 நிமிடத்தில் 80 வீதம்" என்று போடுவார்கள். மிச்ச 20 வீதத்தைப் பற்றிப் பேசமாட்டார்கள். பஸ்ஸில் ஆட்கள் ஏறுவதை நினைத்துப் பாருங்கள். வெறும் பஸ்ஸில் முதலில் ஏறுபவர்கள் கண்ட இருக்கையில் சட்டென்று இருந்துவிடுவார்கள். கடைசியில் ஏறுபவர்கள்தான் நெருக்குப்பட்டு இடம் தேட வேண்டும். பற்றரியும் அப்படியே. நிரம்ப நிரம்ப, அது மெதுவாகத்தான் ஏற்கும். இல்லாவிட்டால் சூடேறிப் பழுதாகும். கடைசி 20 வீதத்துக்கு முதல் 60 வீதத்துக்கு எடுத்த நேரம்கூடப் போகலாம்.

ஆகவே நிமிடக் கணக்கில் காசு வாங்கும் இடத்தில் 80 வீதத்துக்கு மேல் ஏற்றுவது நட்டம். அலகுக் கணக்கில் வாங்கும் இடத்தில் காசு நட்டமில்லை, நேரம் நட்டம். பின்னால் வரிசையில் நிற்பவருக்கும் இடைஞ்சல்.

இயந்திரத்தில் 150 என்று எழுதியிருந்தாலும் கார் 50 தான் ஏற்கும் என்றால் 50 தான் ஏறும். குடத்தின் வாய் சிறிதென்றால் பெரிய குழாயைத் திறந்து பயனில்லை. 2025 மார்ச்சில் சீனாவின் பீ.வை.டி. நிறுவனம், 5 நிமிடத்தில் 400 கிலோமீற்றருக்கான கரண்டை ஏற்றும் 1,000 கிலோவாற் முறையை அறிவித்தது. செய்தி உண்மை. ஆனால் அதற்கென்று செய்த காரும், அதற்கென்று செய்த நிலையமும், ஒரு ஊருக்கே போதுமான கரண்டும் வேண்டும். நாங்கள் வாங்க நினைக்கும் பாவித்த காருக்கும் அதற்கும் தொடர்பில்லை.

வீட்டில் ஏற்றினால் மலிவா?

பொதுவாக மலிவு. ஆனால் எல்லா வீட்டுக்கும் அல்ல. இங்கேதான் பலர் கணக்கில் சறுக்குகிறார்கள்.

எங்கள் நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும். மாதம் 60 அலகுக்குள் பாவிப்பவருக்கு ஒரு விலை. 60 ஐத் தாண்டினால் முதல் 60 அலகுக்கே வேறு விலை. பிறகு 90, 120, 180 என்று ஒவ்வொரு படியிலும் அலகு விலை கூடும். மாதாந்த நிலையான கட்டணமும் கூடும்.

உங்கள் வீட்டில் மாதம் 50 அலகு போகிறது என்று வைப்போம். கார் நாளுக்கு 30 கிலோமீற்றர் ஓடினால் 5 அலகு, மாதம் 150 அலகு. மொத்தம் 200. மின்விளக்கும் காற்றாடியும் மட்டும் உள்ள வீடு, குளிரூட்டி பூட்டிய வீட்டின் படியில் போய் நிற்கும். காருக்குப் போன 150 அலகு மட்டுமல்ல, ஏற்கெனவே மலிவாகப் பாவித்த 50 அலகும் விலை கூடிவிடும்.

இதற்கு ஒரு மாற்று உண்டு. 2015 இல் இலங்கை மின்சார சபை, விரும்பும் வீட்டுப் பாவனையாளருக்கு நேரவாரியான கட்டணத்தை அறிமுகப்படுத்தியது. அப்போது இரவு 10.30 முதல் காலை 5.30 வரை அலகு 13 ரூபாய். பகலில் 25 ரூபாய். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை 54 ரூபாய். அந்த ரூபாய் விலைகள் இப்போது மாறிவிட்டன. ஆனால் பாடம் மாறவில்லை: ஒரே பிளக், ஒரே கார், ஒரே கரண்ட், கொழுவும் நேரத்தைப் பொறுத்து விலை பெரிதும் மாறும். வேலை முடிந்து வந்ததும் ஏழு மணிக்குக் கொழுவுபவரும், படுக்கப் போகும்போது கொழுவுபவரும் ஒரே பில்லைக் கட்டுவதில்லை.

இந்த முறைக்கு வேறு மீற்றரும், பெரும்பாலும் மூன்று முனை இணைப்பும் தேவைப்பட்டது. அதற்கு முற்பணம் உண்டு. உங்கள் பகுதி மின்சார அலுவலகத்தில் இப்போதைய நிபந்தனையையும் விலையையும் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பகலில் சூரிய மின்சாரம் பெருகிவருவதால் மலிவான நேரம் எது என்பதும் காலப்போக்கில் மாறக்கூடும்.

லண்டனில் உள்ள பிள்ளையின் கணக்கு

"அம்மா, இங்கே கரண்ட் கார் சும்மா ஓடுகிற மாதிரி" என்று பிள்ளை தொலைபேசியில் சொன்னால், அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் காரை எங்கே நிறுத்துகிறார் என்று கேளுங்கள்.

பிரித்தானியாவில் 2025 இல் வீட்டில் ஓர் அலகு ஏறத்தாழ 25 பென்ஸ். காருக்கென்று உள்ள இரவுத் திட்டத்தில் 10 பென்சுக்கும் குறைவாகக் கிடைத்தது. வீதியோர வேக நிலையத்தில் அதே அலகு 70 பென்சுக்கு மேல். வரியும் அப்போது வேறுவேறாக இருந்தது: வீட்டுக் கரண்டுக்கு 5 வீதம், பொது நிலையத்தில் 20 வீதம். வீட்டு முற்றத்தில் கார் நிறுத்த இடமுள்ளவர் மலிவாக ஓடுகிறார். மாடி வீட்டில் வாடகைக்கு இருப்பவர், அதே காருக்கு ஏழு எட்டு மடங்கு கொடுக்கிறார். பணக்கார நாட்டிலும் சொந்தச் சுவர் இல்லாதவர்தான் கூடக் கொடுக்கிறார்.

எங்களுக்கும் இது பொருந்தும். வாடகை வீட்டில், உறவினர் காணியில், இன்னும் நிரந்தர மின் இணைப்புக் கிடைக்காத வீட்டில் இருப்பவர், மின்சாரக் காருக்கு முழுக்க வெளி நிலையத்தையே நம்ப வேண்டும். அவருக்கான கணக்கு வேறு.

பெற்றோலோடு ஒப்பிடும் வழி

விலைகள் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே எப்போதும் பயன்படும் ஒரு கணக்கைச் சொல்கிறேன். சிறிய பெற்றோல் கார் லீற்றருக்கு 15 கிலோமீற்றர், மின்சாரக் கார் அலகுக்கு 6 கிலோமீற்றர் ஓடும் என்று வைத்தால், ஓர் அலகின் விலை ஒரு லீற்றர் பெற்றோல் விலையில் ஐந்தில் இரண்டு பங்கு ஆகும்போது இரண்டும் சமம். பெற்றோல் 300 ரூபாய் என்றால் அலகு 120 ரூபாயில் சமம். அதற்குக் கீழே இருந்தால்தான் மிச்சம்.

இனி ஹயர் கணக்கு. மாதம் 2,000 கிலோமீற்றர் ஓட்டம் என்று வைப்போம். பெற்றோல் 300 ரூபாய் என்றால் மாதச் செலவு 40,000 ரூபாய். மின்சாரக் காருக்கு 333 அலகு தேவை. வீட்டில் அலகு 40 ரூபாய்க்கு ஏற்ற முடிந்தால் செலவு 13,300 ரூபாய், மிச்சம் 26,700. அதே 333 அலகையும் வேக நிலையத்தில் 100 ரூபாய் கொடுத்து ஏற்றினால் செலவு 33,300; மிச்சம் 6,700 மட்டுமே. இந்த விலைகள் உதாரணத்துக்கு வைத்தவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

"மிச்சம் பிடிக்கும் பெற்றோல் காசில் தவணையைக் கட்டலாம்" என்று யாராவது சொன்னால், எந்த மிச்சம் என்று கேளுங்கள். 26,700 ஐ நம்பிக் கையெழுத்து வைத்துவிட்டு, 6,700 வந்தால், குறைகிற 20,000 எங்கிருந்து வரும்? நகையிலிருந்தும் சீட்டுக் காசிலிருந்தும்தான்.

நேரமும் காசுதான். சிறிய பற்றரிக் காருக்கு ஒரு தடவை அரை மணித்தியாலம் நின்றால் ஏறத்தாழ 18 அலகு ஏறும். 333 அலகுக்கு 18, 19 தடவை நிற்க வேண்டும். வரிசை இல்லாவிட்டாலும் மாதம் ஒன்பது மணித்தியாலம் ஓட்டமில்லாமல் போகும்.

பழைய லீஃப் கார் வாங்க நினைப்பவர்களுக்கு

வரி குறைந்திருந்த 2015 காலப்பகுதியில் ஜப்பானிலிருந்து நிசான் லீஃப் கார்கள் நாட்டுக்குள் பெருமளவில் வந்தன. பின்னர் வரி ஏறியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி 1 ஆம் திகதியே மீண்டும் திறக்கப்பட்டது. இடையில் அந்தப் பழைய லீஃப் கார்கள் கைமாறிக் கைமாறி வந்தன. மலிவு என்று காட்டப்படுவது பெரும்பாலும் அவைதான்.

முதலில் வந்த லீஃப் காரின் பற்றரி புதிதாக இருந்தபோது 24 அலகு கொண்டது. பற்றரியைக் குளிராக்கத் தனி அமைப்பு அதில் இல்லை. வெப்பமான நாட்டில் அது விரைவாகத் தேயும். ஓட்டுநர் முன்னே உள்ள காட்டியில் வலது ஓரத்தில் 12 சிறிய கோடுகள் இருக்கும். அவை பற்றரியின் ஆரோக்கியத்தைக் காட்டுபவை. பற்றரி தேயத் தேயக் கோடுகள் ஒவ்வொன்றாக அணைந்துபோகும். வாங்கும் முன் அவற்றை எண்ணுங்கள். கோடுகள் நன்றாகக் குறைந்த காரை முழுக்க ஏற்றினாலும் 80 கிலோமீற்றர் போவதே பாடு.

யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா ஏறத்தாழ 140 கிலோமீற்றர், கொழும்பு 400 கிலோமீற்றர். விமான நிலைய ஹயரை நம்பி இப்படியான காரை வாங்கினால், வழியில் நாலைந்து தடவை நிற்க வேண்டும். ஒரே நாளில் திரும்பத் திரும்ப வேகமாக ஏற்றினால் பற்றரி சூடேறி, ஒவ்வொரு தடவையும் முன்னதைவிட மெதுவாக ஏறும். விமானம் காத்திருக்காது, பயணி மறுதடவை அழைக்கவும் மாட்டார்.

கொழுவும் வாயையும் பாருங்கள். லீஃப் காரின் வேக வாய் "சாடெமோ" எனும் ஜப்பானிய முறை. "ஒரு தேநீர் குடிப்போமா" என்ற பொருள்படும் ஜப்பானிய வார்த்தைகளை நினைவூட்டும்படி வைத்த பெயர் அது. தேநீர் குடித்து முடிய கார் ஆயத்தம் என்பது கருத்து. புதிய கார்கள் பலவற்றில் ஐரோப்பிய முறை வாய். சீனாவின் உள்ளூர்ப் பாவனைக்குச் செய்த கார்களில் வேறொரு வாய். நிலையம் இருந்தும் வாய் பொருந்தாவிட்டால் பயனில்லை.

இரண்டு விலையும் நிலையில்லாதவை

2021 டிசம்பரில் லீற்றர் 177 ரூபாயாக இருந்த ஒக்ரேன் 92 பெற்றோல், 2022 ஜூனில் 470 ரூபாயானது. அந்த வரிசைகளில் நின்ற கால்வலி எவருக்கும் மறந்திராது. ஆனால் அதே 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டும் இருந்தது. மின்கட்டணம் சராசரியாக 2022 ஓகஸ்டில் 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏறியது. 2025 ஜனவரியில் 20 வீதம் குறைந்து, ஜூனில் 15 வீதம் கூடியது. தவணை ஐந்து வருடம் ஓடும். இன்றைய அலகு விலை ஐந்து வருடம் நிற்கும் என்று எண்ணிக் கணக்குப் போடக்கூடாது.

கையெழுத்து வைக்க முன்

1. கார் இரவில் எங்கே நிற்கும்? அங்கே எங்கள் பெயரில் மின் இணைப்பு உண்டா? இல்லை என்றால், முழுக் கணக்கையும் வேக நிலைய விலையிலேயே போடுங்கள்.

2. நாளுக்கு எத்தனை கிலோமீற்றர்? நூறுக்குள் என்றால் இரவில் மெதுவாக ஏற்றுவதே போதும். வேக நிலையத்தை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

3. போகும் பாதையில் எத்தனை நிலையம் உண்டு? ஒவ்வொன்றிலும் எத்தனை வாய்? எங்கள் காருக்குப் பொருந்துமா? தொலைபேசியில் கேட்டு, இப்போது வேலை செய்கிறதா என்று உறுதிப்படுத்துங்கள். ஒரே ஒரு வாய் உள்ள நிலையத்தை நம்பித் தூரப் பயணம் ஏற்காதீர்கள்.

4. காசு அலகுக்கா, நிமிடத்துக்கா?

5. வீட்டு வயரிங் தாங்குமா? மணிக்கணக்கில் ஒரே இழுப்பாக ஏற்றும்போது பழைய பிளக் சூடேறி உருகும். எக்ஸ்ரென்ஷன் வயர் வேண்டவே வேண்டாம். பூமிக்கம்பியும் ரிப் சுவிற்சும் சரியா என்று தெரிந்த மின்வேலையாளரைக் கொண்டு பார்ப்பியுங்கள். அந்தச் செலவையும் காரின் விலையோடு சேருங்கள்.

சந்தைக்கும் பிள்ளையின் பள்ளிக்கும் போய்வர மட்டும் என்றால், கார் இல்லாமலே கணக்குச் சரிவரலாம். மின்சார ஸ்கூட்டர் ஓர் அலகில் 30 கிலோமீற்றருக்கு மேல் ஓடும். நாளுக்கு 15 கிலோமீற்றர் என்றால் மாதம் 15 அலகுதான். படியும் பெரிதாக ஏறாது, வேக நிலையமும் தேவையில்லை.

மின்சார வாகனம் வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. சொந்த முற்றமும், நல்ல வயரிங்கும், அளவான ஓட்டமும் உள்ள வீட்டுக்கு அது நல்ல மிச்சம் தரும். தூர ஹயருக்கு வேக நிலையத்தை மட்டும் நம்பி லீசிங் எடுக்கும் வீட்டுக்கு அப்படியல்ல. ஒரு பழைய கொப்பியை எடுத்து, கடந்த மூன்று மாத மின் பில்லையும் பக்கத்தில் வைத்து, மேலே சொன்ன கணக்கை உங்கள் ஊர் விலையில் போடுங்கள். பிள்ளையையும் தம்பியையும் கூட இருத்திப் போடுங்கள். தவணைக்குரிய தொகை அந்தக் கொப்பியில் தெளிவாகத் தெரிந்த பிறகு பேனாவை எடுக்கலாம்.

அடுத்த இதழில்: லீசிங் பத்திரத்தில் வாசிக்காமல் விடக்கூடாத பகுதிகள்.